குளிர்ந்த காற்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் கார்களுக்கு வெளியில் வாங்கி மாட்டும் கோல்ட் ஏர் இன்டேக், அதாவது இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகும் ஃபில்டரும் குழாயும். அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாக இருக்கும், மற்ற கேள்விகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கேள்வி: 2017 மாடல் ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி, செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. வார நாட்களில் பெங்களூரின் சில்க் போர்டு சிக்னல் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி, ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலை. ஒரு கடையில் போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிஞ்சிட்டு கோன் ஃபில்டர் போடுங்க, 40 குதிரைத்திறன் கூடும்" என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், அங்கிருந்து ஒரு கிட் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். எதை வாங்குவது?
எச்எஸ்ஆர் லேஅவுட் வாசகர்

பதில்: முதலில் அந்தக் கறுப்புப் பெட்டியை, அதாவது கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியை, எறிய விடாதீர்கள். எந்த கிட் வாங்கினாலும் சரி, கழற்றிய பெட்டி, குழாய், கிளாம்ப், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து பரணில் வையுங்கள். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்ட் 2021 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. மஸ்டாங்குக்கு அந்தப் பெட்டியை மறுபடி தேடி வாங்குவது லேசான வேலை இல்லை, நாளைக்குக் காரை விற்கும்போது விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அடுத்து அந்த 40. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊரை விட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. டர்போ இருந்தால் அதை ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும், உங்கள் 5.0 லிட்டர் வி8-க்கு டர்போ கிடையாது, வெளியில் என்ன காற்று இருக்கிறதோ அதைத்தான் அது இழுக்க முடியும். 2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது இந்தக் காருக்குச் சொல்லப்பட்ட சக்தி சுமார் 400 குதிரைத்திறன் (அமெரிக்காவில் விற்றதில் 435). ஆக, பெங்களூரில் ஓட்டுகிறபோது சுமார் 40 குதிரைத்திறனை இந்த ஊரின் உயரமே எடுத்துக்கொள்கிறது. கிருஷ்ணகிரி தாண்டி வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று இறங்கிச் சென்னைப் பக்கம் போனவர்கள் "அங்கே கார் நல்லா இழுக்குது" என்று சொல்வது பிரமை இல்லை. சென்னையில் வெயில் கூடுதல்தான், ஆனாலும் 35 டிகிரி சென்னைக் காற்று 27 டிகிரி பெங்களூர்க் காற்றை விட 8 சதவீதம் அடர்த்தியானது. எந்த ஃபில்டரும் அந்த 40-ஐத் திருப்பித் தராது, வெளியில் இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்?

ஒரு இன்டேக் கிட்டால் ஆகக்கூடிய காரியம் இரண்டுதான். காற்று உள்ளே வரும் வழியில் இருக்கும் தடையைக் குறைக்கலாம். வரும் காற்றின் வெப்பத்தைக் குறைக்கலாம்.

தடையைப் பற்றி எல்லோரும் வாயால் பேசுகிறார்கள், ஆனால் அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை 'யு' மாதிரி வளைத்து, பாதி அளவுக்குக் கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் பகுதி) நடுவில் குழாயோடு இணைத்து, மறு முனையைத் திறந்து விட்டால் போதும். தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடாதபடி இரண்டு கையும் ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கட்டும், ரோட்டில் செய்யாமல் டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு சக்தியை அளக்கும் மெஷின்) ஏற்றிச் செய்யுங்கள். முழு த்ராட்டிலில் உச்ச வேகத்துக்குப் போகும்போது இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று பாருங்கள். 10 சென்டிமீட்டர் என்றால் 1 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 1 சதவீதக் காற்று. கம்பெனிப் பெட்டியோடு 20 சென்டிமீட்டர் வந்தால், அந்தத் தடை மொத்தத்தையும் மாயமாக நீக்கினாலும் கிடைக்கப்போவது 2 சதவீதம், 400-க்கு 8. எந்த ஃபில்டரும் தடையைப் பூஜ்யமாக்காது, ஆகவே அதிலும் ஒரு பங்குதான் கைக்கு வரும். கடைக்காரர் 40 என்றால், 'அப்படியானால் இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வர வேண்டுமே' என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே அவருக்கு வேலை தெரியுமா என்று தெரிந்துவிடும்.

வெப்பம்தான் உங்களுக்கு முக்கியம், சில்க் போர்டு வழியாகப் போகிறீர்கள் என்பதால். காற்று 3 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். அதோடு முடிவதில்லை, உள்ளே வரும் காற்று சூடாக இருப்பதை சென்சார் சொன்னதும், தட்டல் (சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிப்பது) வரக்கூடாது என்று ஈசியு எனும் இன்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், அதாவது பொறியைத் தாமதமாகக் கொடுக்கும், அதில் இன்னும் கொஞ்சம் சக்தி போகும். இப்போது உங்கள் காரில் இருக்கும் கறுப்புப் பெட்டி மூடியது, அதன் வாய் முன் கிரில் பக்கம், ரேடியேட்டரின் சூடு கலக்காத காற்றைத்தான் அது எடுக்கிறது. அதுவே ஒரு கோல்ட் ஏர் இன்டேக்தான்! அதைக் கழற்றிவிட்டு ஒரு திறந்த கோன் ஃபில்டரை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தால், ரேடியேட்டர் ஃபேன் பின்னால் தள்ளும் அனலையே அது மூச்சாக இழுக்கும். சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் போனட்டுக்குக் கீழே 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெளியே 30, உள்ளே 60 என்றால் அடர்த்தியில் மட்டும் 9 சதவீதம் போச்சு. சிக்னல் விழுந்து நீங்கள் மிதிக்கிற அந்த நேரத்தில்தான் கார் மந்தமாக இருக்கும். நந்தி மலை ரோட்டில் விடியற்காலை வேகமாகப் போகும்போது காற்றோட்டம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், வித்தியாசம் சில டிகிரிதான் இருக்கும், திறந்த கோனுக்கு அந்த நியாயத்தைச் செய்துவிட வேண்டும். ஆனால் நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் ஓட்டுவது நந்தி மலையில் இல்லையே.

குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. 5 லிட்டர் இன்ஜின் 6,500 ஆர்பிஎம்மில் ஒரு விநாடிக்கு சுமார் 270 லிட்டர் காற்றை விழுங்குகிறது, குழாயின் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் காற்று அதற்குள் இருப்பது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் சூடாக நேரம் ஏது? நின்று நின்று போகும் டிராஃபிக்கில் மட்டும் பிளாஸ்டிக் கொஞ்சம் மேல். பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதுதான் இன்ஜினைக் காப்பாற்றுவது. மஸ்டாங்கில் காற்றின் அளவை அளக்க மாஃப் சென்சார் என்று ஒன்று குழாயில் உட்கார்ந்திருக்கிறது. அது மொத்தக் காற்றையும் அளப்பதில்லை, சூடான ஒரு மெல்லிய கம்பியின் மேல் படும் காற்றை வைத்து, குழாயின் குறுக்களவு இவ்வளவு, எனவே மொத்தம் இவ்வளவு என்று ஈசியு கணக்குப் போடுகிறது. சென்சார் இருக்கும் இடத்தில் குழாயைப் பெரிதாக்கினால் கணக்கு தப்பும்: நிஜத்தில் அதிகக் காற்று போகும், கம்பிக்குக் குறைவாகத் தெரியும், பெட்ரோல் குறைவாகப் பாயும், கலவை மெலிந்துவிடும். மெதுவாகப் போகும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு ஓரளவு திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவுக்குப் போனால் செக் இன்ஜின் லைட் எரியும், பி0171, பி0174 என்ற இரண்டு கோளாறு எண்கள் ஜோடியாக வரும். முழு த்ராட்டிலில் மெலிந்த கலவையோடு ஓட்டினால் பிஸ்டனுக்கே ஆபத்து. இன்டேக் கம்பெனிகளில் சில, ஒரே காருக்கு 'டியூன் தேவை' (ஈசியு புரோகிராமை மாற்ற வேண்டும்) என்று ஒரு குழாயும் 'டியூன் தேவையில்லை' என்று ஒரு குழாயும் தனித்தனியாக விற்கின்றன, பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அட்டையில் எழுதியிருப்பதை இரண்டு தடவை படியுங்கள்.

என்ன வாங்கலாம்? மூடி போட்ட, சுற்றிலும் அடைத்த பெட்டி, கம்பெனிப் பெட்டி மூச்சு வாங்கும் அதே முன் வாயிலிருந்து காற்று எடுப்பது, மாஃப் இடத்தில் பழைய அளவே இருப்பது, டியூன் தேவையில்லை என்று எழுதியது. ஏஎஃப்இ-யின் மொமென்டம் வரிசை இந்த மாதிரி மூடிய பெட்டி. கே அண்ட் என் கிட்களில் பல, ஒரு தடுப்புத் தகடு வைத்து அதன் விளிம்பு ரப்பர் போனட்டில் அமுங்கி மூடுகிற அமைப்பு, அதுவும் பரவாயில்லை, ஆனால் அந்த ரப்பர் போனட்டை முழுக்கத் தொடுகிறதா என்று ஒரு துண்டு களிமண்ணை வைத்து மூடித் திறந்து பாருங்கள், இடைவெளி இருந்தால் அங்கிருந்து அனல்தான் வரும். அண்ணனிடம், நம் கார் ரைட் ஹேண்ட் டிரைவ் என்பதை எடுத்துச் சொல்லி, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் மாறியிருப்பதால் கிட் பொருந்துமா என்று கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு மூன்று இடங்களை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மாஃப் சென்சாரில் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்கிறதா, எல்லா கிளாம்பும் இறுகியிருக்கிறதா, கிராங்க் கேஸிலிருந்து வரும் சின்ன ரப்பர் ஹோஸ் புதுக் குழாயில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. சென்சாருக்குப் பிறகு எங்கே காற்று கசிந்து நுழைந்தாலும் அது கணக்கில் வராத காற்று.

இந்த கிட்கள் அங்கே 300 முதல் 500 டாலர் வரை, அதன் மேல் கப்பல் கூலி, கஸ்டம்ஸ். உங்கள் ஓட்டத்துக்கு நான் சொல்வது, கம்பெனிப் பெட்டியை அப்படியே விட்டு உள்ளே இருக்கும் ஃபில்டரை மட்டும் நல்லதாக மாற்றுங்கள். சத்தம் வேண்டும், வி8 மூச்சிழுப்பது காதில் விழ வேண்டும் என்று ஆசையிருந்தால் கிட் போடுங்கள், அந்த ஆசையில் தப்பே இல்லை, எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது இறக்குமதி செய்த டாட்ஜ் சாலஞ்சர், 5.7 லிட்டர் ஹெமி. என் நண்பரின் மஸ்டாங்குக்கு டியூன் கட்டாயம் என்கிறார்கள், எனக்கு வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
பிரேசர் டவுன் வாசகர்

பதில்: நண்பர் பெரிய குழாய் போடுகிறார் என்றால் இரண்டும் சரி. உங்கள் ஹெமியில் மாஃப் சென்சாரே கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) இருக்கும் அழுத்தம், காற்றின் வெப்பம், இன்ஜின் வேகம் மூன்றையும் வைத்து ஈசியு காற்றைக் கணக்கிடுகிறது. அதனால் ஃபில்டர் குழாய் என்ன அளவு என்பது அதற்குப் பொருட்டில்லை. உங்களுக்கு இன்னொரு வசதி, ஓபிடி போர்ட்டில் (ஈசியு எண்களைப் படிக்கும் சாக்கெட்) ஒரு சின்ன ரீடரைச் செருகி போனில் பார்த்தால் முழு த்ராட்டிலில் மேனிஃபோல்டு அழுத்தம் எவ்வளவு என்று நேரடியாகத் தெரியும். இன்ஜினை அணைத்து சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால் வெளி அழுத்தம், பெங்களூரில் 91 கிலோபாஸ்கல் அருகில் காட்டும். முழு த்ராட்டிலில் 89 காட்டினால், ஃபில்டர், குழாய், த்ராட்டில் பாடி எல்லாம் சேர்ந்து தின்பது 2 மட்டும்தான், தண்ணீர்க் குழாய் வேலையே வேண்டாம். வெப்பத்தைப் பற்றி முதல் பதிலில் சொன்னது மட்டும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: அண்ணா, மஸ்டாங்குக்குப் பெரிய குழாய் இன்டேக் வாங்கிவிட்டேன், டியூன் தேவை என்று போட்டிருக்கிறது. அமெரிக்க டியூனர் ஒருவர் '91 ஆக்டேன் ஃபைல்' அனுப்பியிருக்கிறார். நம் ஊர் பெட்ரோலும் 91 தானே, ஏற்றிவிடலாமா?
காக்ஸ் டவுன் வாசகர்

பதில்: ஏற்றாதீர்கள் தம்பி. இந்த வரியைப் படித்ததும் காரை எடுக்காமல் அவருக்கு ஒரு மெயில் எழுதுங்கள்.

ஆக்டேன் என்பது பெட்ரோல் தட்டலை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண். அமெரிக்கப் பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் எண் வேறு, நம் எண் வேறு. நாம் சொல்வது ரான். அவர்கள் போடுவது ரான், மான் என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரி, மான் எப்போதும் குறைவு என்பதால் சராசரியும் இறங்கிவிடும். அங்கே 91 என்றால் நம் கணக்கில் 95, 96. அங்கே 93 என்றால் நம் 98-க்குப் பக்கம். நம்முடைய பழைய சாதாரண 91 பெட்ரோல் அங்கே 87 என்று எழுதியிருக்கும், அதாவது அவர்களின் மலிவு ரகம். அவர் 95, 96-ஐ நினைத்துக்கொண்டு இக்னிஷனை முன்னுக்குத் தள்ளியிருப்பார், உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதமோ 11-க்கு 1, அதில் குறைந்த ஆக்டேன் ஊற்றி மிதித்தால் தட்டல்தான். தட்டலைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் காப்பாற்றும் என்று நம்பி ஒரு இன்ஜினைப் பணயம் வைக்கக்கூடாது.

அப்புறம் எத்தனால். இப்போது பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், அது நல்லதுதான். ஆனால் சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதுமென்றால், 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5, அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் பெட்ரோல் ஊற்ற வேண்டும். குழாய் அளவு மாறியதால் ஒரு மெலிவு, எத்தனாலால் இன்னொரு மெலிவு, இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டியூனருக்கு எழுதும்போது ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர், எரிபொருள் 20 சதவீத எத்தனால், ஆக்டேன் ரான் கணக்கில் இவ்வளவு என்று மூன்றையும் சொல்லுங்கள். எக்ஸ்பி100 மாதிரி உயர்ந்த ரகம்தான் எப்போதும் போடுவீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், வெளியூரில் அது கிடைக்காத நாளில் எதைப் போடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஓட்டும்போது சென்சார் எண்களைப் பதிவு செய்த ஒரு லாக் எடுத்து அனுப்பி, அவர் பார்த்துத் திருத்தி, மறுபடி லாக் எடுத்து அனுப்பி, குறைந்தது இரண்டு மூன்று தடவையாவது போய்வராமல் எந்த ஃபைலையும் முடிந்தது என்று வைக்காதீர்கள்.

கேள்வி: என் கணவரின் மஸ்டாங்கில் காலேஜ் படிக்கும் மகன் இன்டேக் மாட்டப் போகிறேன் என்று நிற்கிறான், ஃபில்டரைக் கீழே பம்பருக்குள் வைத்தால் காற்று இன்னும் குளிர்ச்சி என்கிறான். எங்கள் வீடு பெல்லந்தூர் பக்கம். மழைத் தண்ணீர் போனால் என்ன ஆகும்? போலீஸ், இன்சூரன்ஸ் தொந்தரவு வருமா?
ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது பாதி சரி, கீழே காற்று குளிர்ச்சிதான். ஆனால் 2022 செப்டம்பரில் உங்கள் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஃபில்டர் தண்ணீரில் மூழ்கினால் இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, மேலே வரும் பிஸ்டன் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வி8 இன்ஜினில் இந்த ரிப்பேர் ஒரு சின்ன காரின் விலைக்குப் போய் நிற்கும். பெல்லந்தூரில் இருப்பவர்களுக்குப் பம்பருக்குள் ஃபில்டர் வேண்டவே வேண்டாம், கம்பெனி வைத்த உயரத்துக்குக் கீழே ஒரு அங்குலம்கூட இறக்க விடாதீர்கள். தண்ணீரில் கார் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள், பல இன்ஜின்கள் அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான் உடைகின்றன.

சாதாரண கார் பாலிசியில் தண்ணீர் புகுந்து இன்ஜின் உடைவது பெரும்பாலும் வராது, அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனி ஆட்-ஆன் எடுக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இன்டேக் மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், கிளெய்ம் வரும் நாளில் சர்வேயர் போனட்டைத் திறப்பார்.

சட்டத்தில், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, ஆர்சியில் பதிந்த விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆர்சியில் ஏர் ஃபில்டருக்கென்று ஒரு வரி இல்லை என்பது உண்மை. இருந்தாலும், பழைய பெட்டி பரணில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் கழற்றி மாற்றிவிடலாம் என்று முதலில் சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் நல்லதா, உலர்ந்த ஃபில்டர் நல்லதா? தினமும் மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் போகிறேன்.
வாசகர், கே.ஆர். புரம்

பதில்: உலர்ந்தது. காகித ஃபில்டரை விட்டுவிட்டால் இரண்டும் கழுவித் திரும்பப் பயன்படுத்தக் கூடியவை, காட்டன் ஃபில்டர் ஒழுங்காகப் பராமரித்தால் நன்றாகவே வேலை செய்யும், 1969-ல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த கே அண்ட் என் அந்த முறையில்தான் பெயர் எடுத்தது. சிக்கல் நம் கையில்தான் வருகிறது. ஐந்து வருடம் முன்பு என் நண்பர் ஒருவர் ஃபில்டரைக் கழுவி வெயிலில் காயவைத்து, நாலு சொட்டு அதிகம் இருந்தால் தூசி இன்னும் நன்றாக ஒட்டுமே என்று தாராளமாக எண்ணெய் விட்டார். மறுநாள் ஹெப்பால் மேம்பாலத்தில் கார் திக்கித் திக்கிப் போகிறது என்று போன். பார்த்தால் மாஃப் கம்பி மேல் எண்ணெய்ப் படலம், அதன் மேல் தூசி. அதற்கென்றே விற்கும் மாஃப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, தொடாமல் காயவிட்டு மாட்டினோம், சரியாகிவிட்டது. கார்புரேட்டர் கிளீனரை அதில் அடிக்காதீர்கள், துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், கம்பி தலைமுடி கனம்தான்.

எந்த ஃபில்டராக இருந்தாலும் ஐஎஸ்ஓ 5011 என்ற ஏர் ஃபில்டர் சோதனையில் எத்தனை சதவீதம் தூசியைப் பிடித்தது, அடைத்துக்கொள்ளும் முன் எத்தனை கிராம் தாங்கியது என்ற இரண்டு எண்ணையும் கேளுங்கள். காற்று அதிகம் போகும் என்று மட்டும் விளம்பரம் செய்து இந்த இரண்டையும் சொல்லாத கம்பெனியை நான் நம்புவதில்லை. கட்டுமான இடத்துத் தூசி என்பது பெரும்பாலும் மணல் பொடி, உப்புத்தாள் மாதிரி சிலிண்டரை உரசிவிடும். மாட்டி 1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றி, உள்பக்கம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். செம்மண் நிறம் வந்தால் அந்த ஃபில்டரோ அதன் ரப்பர் விளிம்போ சரியில்லை, அன்றே பழையதை மாட்டிவிடுங்கள். ஜேசி ரோடு பக்கம் வாங்கும்போது போலிகளும் கண்ணில் படும், மடிப்புகள் ஒரே சீராக இருக்கிறதா, ரப்பர் விளிம்பில் பார்ட் நம்பர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், பாதி விலை என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: இன்டேக் மாட்டும் முன்னும் பின்னும் டைனோவில் ஓட்டினேன், 31 குதிரைத்திறன் கூடியதாகப் பேப்பர் கொடுத்தார்கள். நீங்கள் 8 கூட வராது என்கிறீர்களே?
வாசகர், ராஜாஜி நகர்

பதில்: அந்த இரண்டு பேப்பரையும் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் திருத்தக் காரணியைப் பாருங்கள். கடல் மட்டத்துக்குச் சமமாக மாற்றிக் காட்டும் எஸ்ஏஇ திருத்தம் ஒன்று இருக்கிறது, பெங்களூரில் அதைப் போட்டால் எண் கிட்டத்தட்ட ஒரு பத்தில் ஒரு பங்கு உயரும். முதல் ஓட்டம் திருத்தம் இல்லாமல், இரண்டாவது திருத்தத்தோடு என்றால், ஒன்றுமே மாட்டாமல் 30 கூடிவிடும். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, மெஷின் செட்டிங் மாறியிருக்கலாம். இன்னொன்று, டைனோவில் போனட்டைத் திறந்து வைத்து முன்னால் பெரிய ஃபேன் ஓடவிடுவார்கள், அந்த நிலையில் திறந்த கோன் ஃபில்டருக்கு ரோட்டில் கிடைக்காத குளிர்க் காற்று கிடைக்கும். போனட்டை மூடி, ஒரே நாளில், இன்ஜின் ஒரே சூட்டில் இருக்கும்போது, ஒரே செட்டிங்கில் மூன்று மூன்று தடவை ஓட்டச் சொல்லுங்கள். அப்படி ஓட்டி வந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மஸ்டாங் எல்லாம் நமக்கு எட்டாது சார். அப்பா வைத்திருந்த கான்டெஸா கிளாசிக், 1.8 இசுஸு இன்ஜின், கார்புரேட்டர். அதற்குக் குளிர்ந்த காற்று கொடுக்க முடியுமா?
ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: முடியும், செலவும் அதிகம் இல்லை. கான்டெஸாவை நம் ஊர் மசில் கார் என்று சொல்வதை நான் முழு மனதாக ஏற்கிறேன், அந்த நீண்ட போனட்டும் அகன்ற முகமும் இன்னும் ரோட்டில் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

கம்பெனி ஏர் கிளீனர் டப்பாவைக் கழற்ற வேண்டாம். அதன் மூக்கு இன்ஜின் பக்கமிருந்து அனலை இழுக்கிறதா பாருங்கள், இழுத்தால் மூக்கின் வாய் அளவுக்குப் பொருந்தும் சூடு தாங்கும் மடிப்பு ஹோஸ் ஒன்றை கலாசிபாளையத்தில் வாங்கி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் ரேடியேட்டரின் முன்பக்கம் வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். மழைத் தண்ணீர் நேராகத் தெறிக்காதபடி வாய் கீழ் நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், எலி நுழையாமல் ஒரு கம்பி வலை. ஃபேன் பெல்ட்டில் படாமல் இரண்டு இடத்தில் கிளிப் போடுங்கள்.

ஈசியு இல்லாததால் கலவையை யாரும் திருத்த மாட்டார்கள், நாமேதான் பார்க்க வேண்டும். உள்ளே வரும் காற்று 20 டிகிரி குளிர்ந்தால் கார்புரேட்டர் கலவை சுமார் 3 சதவீதம் மெலியும். பெங்களூர் உயரத்தில், கடல் மட்டத்துக்கு வைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளை) கொடுக்கும் கலவை ஏற்கெனவே 5 சதவீதம் போலக் கெட்டியாகத்தான் இருக்கும், அதனால் ஜெட்டை மாற்றாமலே அனேகமாகச் சரியாக வந்துவிடும். ஹோஸ் மாட்டி 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு நாலு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். நுனி வெளுத்த பழுப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்குங்கள். பிளக் போட்டோவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.